கலவரத் தடுப்புக் குண்டுகளின் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குவது எப்படி? முதன்முறை மனுப் போடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் அக்கா மகனின் இடக்கண்ணைப் பறித்த ரப்பர் உருண்டையை எங்கள் தெரு நகைக்கடைத் தராசில் வைத்தபோது 35 கிராம் காட்டியது. கறுப்பாக, ஒரு பக்கம் லேசாக நசுங்கி, எலுமிச்சையைவிடச் சற்றுச் சிறியதாக இருந்தது. வடமாநில நகரம் ஒன்றில் படித்துக்கொண்டிருந்தவன், ஊர்வலம் ஒன்று கலைக்கப்பட்ட தெருவின் முனையில் நின்றிருந்தான். எந்த ஊர், எந்தக் காவல் துறை என்பதை இங்கே எழுதவில்லை. விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.

எடை தெரிந்துவிட்டது. அது என்ன வேகத்தில் வந்தது, எத்தனை மீட்டருக்கு உள்ளே அதைச் சுடக்கூடாது, வாங்குவதற்கு முன் யாராவது சோதித்துப் பார்த்தார்களா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை வாங்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நான் 14 மாதங்கள் அலைந்தேன். முதல் மனுவைத் தவறான அலுவலகத்துக்குத் தவறான கேள்விகளோடு அனுப்பியதால் போன மாதங்களே அவற்றில் பாதிக்கு மேல். நான் வழக்கறிஞர் இல்லை. கணக்கு எழுதும் வேலையில் இருப்பவள். ஆனாலும் காகிதங்களை அடுக்கி, தேதி பார்த்து, கணக்குக் கேட்கத் தெரிந்த எவராலும் இது முடியும். நான் விட்ட இடங்களை நீங்கள் விடாமல் இருக்க வரிசையாக எழுதுகிறேன்.

ஒரு முன்குறிப்பு: இந்தச் சட்டத்தில் மனுப் போட இந்தியக் குடியுரிமை வேண்டும். வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள் மின்னணு அஞ்சல் ஆணை மூலம் கட்டணம் கட்டிக் கேட்கலாம். இலங்கைக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் சட்டம் தனியாக இருக்கிறது. கீழே உள்ள நாள் கணக்கும் கட்டணமும் அதற்குப் பொருந்தாது.

1. மனுவை எழுதும் முன், கையில் இருப்பதைப் பத்திரப்படுத்துங்கள்

நாங்கள் செய்த முதல் தவறு, அந்த உருண்டையைச் சோப்புப் போட்டுக் கழுவியது. இரத்தம் ஒட்டியிருந்ததைப் பார்க்க அக்காவுக்கு மனம் தாங்கவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நீங்கள் கழுவாதீர்கள். காகித உறையில் போட்டு, எடுத்த இடம், நாள், நேரம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை உறையின் மேல் எழுதுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். மருத்துவமனையிலோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்தால் கையொப்பமிட்ட ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.

குண்டைவிட முக்கியமானது, சுட்ட பின் கீழே விழும் தோட்டாவின் வெற்று உறை. அதன் மேல்தான் லாட் எண்ணும் (ஒரே தொகுதியாகத் தயாரித்த சரக்குக்கு இடும் எண்) தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். அக்கா மகனின் நண்பன் ஒருவன் தெருவில் கிடந்த உறையை எதேச்சையாகக் கைப்பேசியில் படம் எடுத்திருந்தான். பின்னால் எங்கள் மனு முழுவதும் அந்த ஒரு படத்தின் மேல்தான் நின்றது. உறையை எடுக்க முடியாவிட்டாலும் எழுத்துகள் தெரியும்படி படமாவது எடுத்துவிடுங்கள். வெடிக்காமல் கிடக்கும் எதையும் தொடாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அது உயிருக்கும் ஆபத்து, சட்டச் சிக்கலும் கூட.

மருத்துவமனையில் கேட்டு வாங்க வேண்டியவை: விபத்துப் பதிவேட்டின் நகல் (நம் ஊரில் ஏ.ஆர். நகல், வடக்கே எம்.எல்.சி.), காயச் சான்றிதழ், சி.டி. ஸ்கேன். ஸ்கேனைப் படச்சுருளாக மட்டும் வாங்காமல் குறுந்தட்டிலும் கேளுங்கள். ஏ.ஆர். நகலில் காயத்தின் காரணத்தை 'கீழே விழுந்தார்' என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று அங்கேயே நின்று படியுங்கள். பிறகு திருத்துவது மிகக் கடினம்.

2. ஓராண்டுக் கெடுவை முதலில் கவனியுங்கள்

தகவல் மனுவுக்குக் கெடு கிடையாது. தேசிய மனித உரிமைகள் ஆணையத்துக்கு உண்டு. 1993ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் ஆணையம் அதை விசாரிக்க முடியாது. எனவே தகவல் வந்த பிறகு புகார் கொடுக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். புகாரை முதலில் அனுப்பிவிடுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே எழுதலாம். அங்கிருந்து வரும் நாட்குறிப்பு எண்ணை (டைரி எண், அதாவது புகாரின் பதிவு எண்) பத்திரமாக வையுங்கள், 7ஆம் படியில் அது தேவைப்படும்.

கவனம்: மாநில ஆணையத்தில் நிலுவையில் இருக்கும் புகாரைத் தேசிய ஆணையம் எடுக்காது. இரண்டு இடத்திலும் போட்டால் வலு கூடும் என்று நினைத்துப் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

3. யாரிடம் கேட்பது? தயாரித்தவரை விட்டுவிட்டு வாங்கியவரிடம் போங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு விஷயத்தை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இந்தப் படியாக இருக்கட்டும்.

நான் முதலில் யோசித்தது நேரான வழி: தயாரிக்கும் இடத்தில்தானே சோதித்திருப்பார்கள், அங்கேயே கேட்போம். இந்தியாவில் கண்ணீர்ப்புகைக் குண்டுகளையும் அவை சார்ந்த பொருள்களையும் குவாலியர் அருகே தேகன்பூரில் உள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் கண்ணீர்ப்புகைப் பிரிவு தயாரிக்கிறது. ஏ.கே. ரகத் துப்பாக்கியில் பொருந்தும் பிளாஸ்டிக் குண்டை உருவாக்கியது சண்டிகரில் உள்ள, பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வகம். பயன்படுத்துவோரில் பெரியவர்கள் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர். இந்த மூன்று அமைப்புகளும் தகவல் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றன. 24ஆம் பிரிவு அவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. நேராகப் போய்க் கேட்டால் ஒரு பத்தியில் மறுப்பு வரும். எனக்கு 29ஆம் நாள் வந்தது.

ஆனால் எந்தக் குண்டும் தயாரித்த இடத்திலேயே நின்றுவிடுவதில்லை. ஒரு மாநிலக் காவல் துறை அதை வாங்கினால், டெண்டரோ விலை ஒப்பந்தமோ இருக்கும். தொழில்நுட்ப விவரக்குறிப்பு இருக்கும். சரக்கு வந்தபோது ஆய்வு செய்து ஏற்றுக்கொண்ட குறிப்பு இருக்கும். தயாரிப்பாளர் கொடுத்த சோதனைச் சான்று அந்தக் கோப்பில் தைக்கப்பட்டிருக்கும். மாநிலக் காவல் துறை முழுவதும் விலக்குப் பெற்ற அமைப்பு அல்ல. உளவுப் பிரிவு போன்ற சில கிளைகளுக்கு மட்டும் மாநில அரசுகள் அறிவிக்கை மூலம் விலக்கு அளித்திருக்கும். ஆகவே உங்கள் மனு போக வேண்டிய இடம், கொள்முதலையும் கிடங்கையும் பார்க்கும் காவல் தலைமை அலுவலகப் பிரிவு. உள்ளூர்க் காவல் நிலையத்தில் இந்தக் கோப்பு இருக்காது.

மத்திய அரசிலும் திறந்த கதவுகள் உண்டு:

காவல் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பு (பி.பி.ஆர். அண்டு டி.) இரண்டாம் அட்டவணையில் இல்லை. காவல் படைகள் வாங்கும் பொருள்களுக்கான தர எதிர்பார்ப்புகள், சோதனை வழிமுறைகள் ஆகியவை பற்றி இங்கே கேட்கலாம். அவற்றில் பலவற்றை உள்துறை அமைச்சகமும் இந்த அமைப்பும் இணையத்திலேயே வெளியிட்டிருக்கின்றன. மனுப் போடும் முன் அங்கே ஒரு மணி நேரம் தேடுங்கள். வெளியான ஆவணத்தின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, 'இதன்படி நடந்த சோதனையின் அறிக்கை' என்று கேட்கும் மனுவைத் தட்டிக்கழிப்பது கடினம்.

மத்திய உள்துறை அமைச்சகம். காஷ்மீரில் 2016இல் பெல்லட் குண்டுகளால் (துப்பாக்கியிலிருந்து சிதறிவரும் சிறு உலோகத் துகள்கள்) பலர் பார்வை இழந்த பிறகு, மாற்று வழி காண அமைச்சகத்தின் இணைச் செயலாளர் டி.வி.எஸ்.என். பிரசாத் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அதன் கோப்புகள் இருப்பது இங்கேதான்.

லக்னோவில் உள்ள இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனம். பெல்லட்டுக்கு மாற்றாக முன்வைக்கப்பட்ட, மிளகாய்க் காரம் போன்ற 'பாவா' வேதிப்பொருள் குண்டு இந்த நிறுவனத்தோடு தொடர்புடையது. உங்கள் வழக்கு அந்தக் குண்டைப் பற்றியது என்றால் நச்சுத்தன்மைச் சோதனையை இங்கே கேளுங்கள். இது அறிவியல் ஆராய்ச்சிக் கழகத்தின் கிளை. விலக்கு கிடையாது.

மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனம். பழைய படைக்கலத் தொழிற்சாலைகள் 2021 அக்டோபரில் அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது வெடிபொருள் தொழிற்சாலைகள் இதன் கீழ் வந்தன. இதுவும் தகவல் சட்டத்துக்கு உட்பட்ட பொது அதிகார அமைப்பே. 'பாதுகாப்பு', 'வணிக இரகசியம்' என்ற இரண்டு காரணங்களையும் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தே அனுப்புங்கள்.

தவறான இடத்துக்கு அனுப்பினாலும் 6(3) பிரிவின்படி 5 நாளில் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதை நம்பி உட்காராதீர்கள். ஒரே கேள்வித்தாளை மூன்று அலுவலகங்களுக்குத் தனித்தனியாக அனுப்ப உங்களுக்கு ஆகும் கட்டணம் 30 ரூபாய்தான்.

4. என்ன கேட்பது? கருத்தைக் கேட்காதீர்கள், காகிதத்தைக் கேளுங்கள்

என் முதல் மனுவின் முதல் கேள்வி இது: 'இந்தக் குண்டு பாதுகாப்பானதா, முகத்தில் பட்டால் என்ன ஆகும் என்று சோதித்தீர்களா, இல்லையென்றால் ஏன் சோதிக்கவில்லை?' அதை எழுதும்போது எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. வந்த பதில் ஒரு வரி: விளக்கம் கேட்பது தகவல் ஆகாது.

அவர்கள் சொன்னது சட்டப்படி சரி. சி.பி.எஸ்.இ. எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் தகவலைத்தான் கொடுக்க வேண்டும், புதிதாக உருவாக்கவோ கருத்துச் சொல்லவோ கடமை இல்லை. ஆகவே 'ஏன்', 'எப்படி', 'சரியா' என்று தொடங்கும் எல்லாக் கேள்விகளையும் அடித்துவிடுங்கள். 'நகல் தருக' என்று முடியும் வாக்கியங்களாக மாற்றுங்கள்.

எனக்குப் பலன் கொடுத்த இரண்டாம் மனுவின் சாரம் இதோ. உங்கள் விவரங்களை இட்டு அப்படியே பயன்படுத்துங்கள்.

அ) (ஆண்டு) முதல் (ஆண்டு) வரை தங்கள் துறை கொள்முதல் செய்த, கூட்டத்தைக் கலைக்கப் பயன்படும் ரப்பர் மற்றும் பிளாஸ்டிக் குண்டுகளின் கொள்முதல் ஆணைகளின் நகல்.

ஆ) மேற்படி கொள்முதலுக்கான தொழில்நுட்ப விவரக்குறிப்பின் நகல்.

இ) (எண்) என்ற லாட்டைச் சேர்ந்த சரக்குக்குத் தயாரிப்பாளர் அளித்த சோதனைச் சான்றின் நகல்.

ஈ) அந்த லாட்டை ஏற்றுக்கொண்டபோது நடந்த ஆய்வு அல்லது சுட்டுச் சோதனையின் அறிக்கை, அதில் கையொப்பமிட்ட குழுவினரின் பதவிப் பெயர்கள்.

உ) அந்தக் குண்டைப் பயன்படுத்துவோருக்கு வழங்கப்பட்ட கையேட்டில் குறைந்தபட்சத் தூரம், குறிவைக்க வேண்டிய உடற்பகுதி, காலாவதி ஆகியவை குறித்த பக்கங்களின் நகல்.

ஊ) மேற்கண்ட கோப்புகளை நேரில் பார்வையிட அனுமதி.

எ) இவற்றில் ஏதேனும் ஆவணம் தங்களிடம் இல்லை எனில், 'இல்லை' என்ற எழுத்துப்பூர்வமான பதில்.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். சோதனை நடக்கவே இல்லை என்றால் அதை நிறுவும் ஆவணம் அந்த 'இல்லை' என்ற கடிதம்தான்.

ஆங்கிலத்தில் அனுப்பும்போது 'நான் லெத்தல்' (உயிர் பறிக்காத), 'லெஸ் லெத்தல்' (உயிர் பறிக்கும் வாய்ப்புக் குறைந்த) என்ற இரண்டு பெயர்களையும் எழுதுங்கள். அரசு ஆவணங்கள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகின்றன. ஒன்றை மட்டும் எழுதினால் 'அப்படி எதுவும் எங்களிடம் இல்லை' என்று பதில் வர இடம் இருக்கிறது. முடிந்தால் பொருளின் பெயரோடு விட்டமும் எழுதுங்கள். கலவரத் தடுப்புத் துப்பாக்கிகளில் 38 மி.மீ. பரவலான அளவு.

எத்தனை குண்டுகள் இப்போது இருப்பில் உள்ளன, எந்தப் பிரிவுக்கு எத்தனை துப்பாக்கிகள் என்றெல்லாம் கேட்காதீர்கள். உங்களுக்கு அது தேவையும் இல்லை. பாதுகாப்புக் காரணம் காட்டி மனு முழுவதையும் மறுக்க அந்த ஒரு கேள்வி போதும். எதற்காகக் கேட்கிறேன் என்றும் எழுத வேண்டாம். 6(2) பிரிவின்படி காரணம் சொல்லத் தேவையில்லை. விலக்குப் பெற்ற அமைப்புகளிடம் கேட்கும்போது மட்டும் இதற்கு மாறாகச் செய்ய வேண்டும். 7ஆம் படியில் சொல்கிறேன்.

5. கட்டணம், மொழி, அனுப்பும் வழி

மத்திய அரசு அலுவலகங்களுக்கு மனுக் கட்டணம் 10 ரூபாய். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். கோப்பைப் பார்வையிட முதல் ஒரு மணி நேரம் இலவசம், அதற்கு மேல் மணிக்கு 5 ரூபாய். மனு 500 சொற்களைத் தாண்டாமல் இருக்கட்டும். இணையத்தில் அட்டை மூலம் கட்டலாம். தபாலில் அனுப்பினால் 10 ரூபாய் இந்திய அஞ்சல் ஆணையைக் 'கணக்கு அலுவலர்' பெயருக்கு எடுங்கள். ஆணையின் எண்ணை மனுவில் எழுதி, அதையும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சான்று இணைத்தால் கட்டணம் இல்லை.

தமிழ்நாடு அரசு அலுவலகங்களுக்கும் 10 ரூபாய்தான். நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். அந்தப் பழக்கத்தில் நான் வெளிமாநிலக் காவல் துறைக்கும் நம் ஊர் வில்லையை ஒட்டி அனுப்பினேன். கட்டணம் செலுத்தப்படவில்லை என்று 5 வாரம் கழித்துத் திரும்பி வந்தது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி விதி உண்டு. அந்த மாநிலத் தகவல் ஆணையத்தின் தளத்தில் கட்டண விதியைப் பார்த்த பிறகே அனுப்புங்கள்.

மனுவை ஆங்கிலத்திலோ இந்தியிலோ, மனுச் செய்யும் பகுதியின் ஆட்சிமொழியிலோ எழுதலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து தமிழில் எழுதுவது உங்கள் உரிமை. நானும் தமிழில்தான் எழுதினேன். ஆனால் வெளிமாநிலத்துக்கு அனுப்பும்போது ஆங்கில வடிவத்தையும் இணைத்தேன். மொழிபெயர்ப்புக்காக ஒரு மாதம் கோப்பு தூங்குவதை இது தடுக்கும்.

தபாலில் அனுப்புவதாக இருந்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்த நாளைக் காட்டும் பக்கத்தை அன்றே அச்செடுத்து வையுங்கள். நாள் கணக்கு அங்கிருந்துதான் ஓடும்.

என் மொத்தச் செலவு: ஐந்து மனுக்களுக்கு 50 ரூபாய், 74 பக்க நகலுக்கு 148 ரூபாய், தபாலும் அச்சும் சேர்த்து ஏறக்குறைய 700 ரூபாய். இடைத்தரகர் ஒருவர் இதே வேலைக்கு 15,000 ரூபாய் கேட்டார். யாருக்கும் அப்படிக் கொடுக்காதீர்கள்.

6. நாள் கணக்கு

மனு சேர்ந்த நாளிலிருந்து 30 நாளில் பதில் வர வேண்டும். தகவல் மூன்றாம் தரப்பு, அதாவது தயாரிப்பு நிறுவனம் சம்பந்தப்பட்டது என்றால் அவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். அப்போது 40 நாள். நகல் கட்டணம் கேட்டுக் கடிதம் வந்தால், நீங்கள் பணம் கட்டும்வரை கடிகாரம் நின்றுவிடும். அன்றே கட்டுங்கள். 30 நாள் தாண்டிவிட்டால் நகல்களை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது 7(6) பிரிவு. அதற்குப் பிறகு கட்டணம் கேட்டால் இந்தப் பிரிவைக் காட்டி எழுதுங்கள்.

உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்று சொல்லி 48 மணி நேரப் பிரிவைப் பயன்படுத்தும்படி சிலர் யோசனை சொல்வார்கள். நடந்து முடிந்த காயத்துக்கு அது எடுபடாது.

பதில் வந்த நாளிலிருந்து, அல்லது வராமல் 30 நாள் முடிந்த நாளிலிருந்து, 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதே அலுவலகத்தின் மேலதிகாரிதான் விசாரிப்பார். அவருக்கு 30 நாள், காரணம் எழுதினால் 45 நாள். அதன் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. மத்திய அலுவலகங்களைப் பொறுத்தவரை எந்த மேல்முறையீட்டுக்கும் கட்டணம் இல்லை. ஆணையத்தில் எண் கிடைத்து விசாரணைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் முதல் மனுவைச் சரியாக எழுதச் சொல்கிறேன்.

7. மறுப்புக் கடிதம் வந்தால்

மறுப்பு வந்த அன்று நான் அழுதேன். மறுநாள் அதை நிதானமாகப் படித்தபோது அதில் எந்தப் பிரிவு குறிப்பிடப்பட்டிருக்கிறது என்பதே என் அடுத்த கடிதத்துக்கு வழி சொன்னது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் இருக்கிறது.

8(1)(அ), ஆங்கிலத்தில் 8(1)(ஏ), பாதுகாப்பு நலன்: 10ஆம் பிரிவைக் காட்டுங்கள். மறைக்க வேண்டிய பகுதியை மட்டும் மறைத்து மீதியைத் தர வேண்டும். தயாரிப்பு முறையையும் இருப்பையும் மறைத்துக்கொள்ளுங்கள், வேகமும் தூரமும் உள்ள பக்கத்தைத் தாருங்கள் என்று எழுதுங்கள்.

8(1)(ஈ), ஆங்கிலத்தில் 8(1)(டி), வணிக இரகசியம்: பொதுநலன் பெரிது என்றால் தரலாம் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. மக்கள் உடலில் படுவதற்கென்றே வாங்கப்பட்ட பொருளின் சோதனை முடிவில் மக்களுக்கு நலன் இருக்கிறது என்பதை உங்கள் சொந்தச் சொற்களில், இரண்டே வரியில் எழுதுங்கள். ஏ.ஆர். நகலை இணையுங்கள்.

ஆங்கிலத்தில் 8(1)(எச்) என்று குறிக்கப்படும் விசாரணைப் பிரிவு: விசாரணை நடக்கிறது என்பது மட்டுமே மறுக்கக் காரணம் ஆகாது; தகவல் வெளியானால் விசாரணை எப்படித் தடைப்படும் என்று காட்ட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் பகத் சிங் வழக்கில் 2007இல் சொன்னது. கொள்முதல் கோப்பு சம்பவத்துக்குப் பல மாதங்களுக்கு முந்தையது. அது வெளியாவதால் எந்த விசாரணையும் கெடாது.

24ஆம் பிரிவு, விலக்குப் பெற்ற அமைப்பு: இங்கேதான் 2ஆம் படியில் வாங்கிய நாட்குறிப்பு எண் உதவும். ஊழல், மனித உரிமை மீறல் ஆகிய குற்றச்சாட்டுகள் சம்பந்தப்பட்ட தகவலுக்கு இந்த விலக்கு பொருந்தாது என்று அதே பிரிவில் இருக்கிறது. மனித உரிமை மீறல் என்றால் தகவல் ஆணையத்தின் ஒப்புதலோடு, 45 நாளில் தர வேண்டும். மனுவின் முதல் பத்தியிலேயே 'இது மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு தொடர்பான தகவல்' என்று எழுதி, புகார் எண்ணையும் காயச் சான்றையும் இணையுங்கள். வெறும் ஆர்வத்தில் கேட்பவரையும் பாதிக்கப்பட்டவரையும் பிரித்துக் காட்டுவது இந்தக் காகிதங்கள்தான்.

இரண்டாம் மேல்முறையீட்டோடு மனு, பதில், முதல் மேல்முறையீடு, அதன் ஆணை எல்லாவற்றின் நகலிலும் கையொப்பமிட்டு, பக்க எண் போட்டு, முகப்பில் பொருளடக்கப் பட்டியல் வையுங்கள். பட்டியல் இல்லாததற்காகவே கோப்பு திரும்பிவிடும். மத்திய ஆணையத்தின் விசாரணைக்கு டெல்லி போக வேண்டியதில்லை. மாவட்டத் தலைநகரில் உள்ள தேசிய தகவலியல் மையத்திலிருந்து காணொளி வழியாகப் பேசலாம்.

8. அறிக்கை கையில் வந்த பிறகு எங்கே பார்ப்பது

எனக்கு வந்தது 74 பக்கம். அதில் பயன்பட்டவை 3 பக்கம். எண்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பள்ளிக்கூடக் கணக்குதான்.

வேகமும் எடையும். எங்கள் தாளில் 10 மீட்டர் தூரத்தில் நொடிக்கு 82 மீட்டர் என்று இருந்தது. எடையைக் கிலோவில் எழுதி, வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, இரண்டையும் பெருக்கிப் பாதியாக்கினால் ஆற்றல் கிடைக்கும். 0.035 கிலோவுக்கு அது 118 ஜூல். ஒப்பிட ஒரு கணக்குப் போட்டேன்: 160 கிராம் கிரிக்கெட் பந்து மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் சுமார் 104 ஜூல். தலைக்கவசம் இல்லாமல் அந்தப் பந்தை முகத்தில் வாங்குவதை நினைத்துப் பாருங்கள். எந்தத் தூரத்தில் அளந்தார்கள் என்று எழுதாமல் வேகம் மட்டும் இருந்தால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

பரப்புக்கு எவ்வளவு ஆற்றல். மொத்த ஆற்றலைக் குண்டின் முகப்புப் பரப்பால் வகுக்க வேண்டும். எங்கள் உருண்டையின் விட்டம் 37 மி.மீ.; பரப்பு 10.75 சதுர செ.மீ.; வகுத்தால் ஒரு சதுர செ.மீ.க்கு 11 ஜூல். மார்பு முன்புற விலா எலும்பின் மேல் உள்ள தோலைத் துளைக்க ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 24 ஜூல் இருந்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று 2005இல் வெளியான சடல ஆய்வு ஒன்று கண்டது. இப்போது 2 மி.மீ. விட்டமும் 0.05 கிராம் எடையும் உள்ள ஓர் ஈயத் துகள் நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் வருவதாகக் கணக்கிடுங்கள். ஆற்றல் வெறும் 2.25 ஜூல், பரப்புக்கு வகுத்தால் 70ஐத் தாண்டும். பெல்லட் ஏன் தோலைத் துளைத்து உள்ளே போகிறது என்பதை இந்த ஒரு வகுத்தல் காட்டிவிடும். உலோகப் பெல்லட்டுகளை ஒருபோதும் பயன்படுத்தக்கூடாது என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் வழிகாட்டி சொல்வதும் காரணமில்லாமல் அல்ல.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 24க்குக் கீழே இருக்கிறது, ஆகவே பாதுகாப்பானது என்று எதிர்த்தரப்பு வாதிடும். அந்த எண் மார்புத் தோலுக்கு உரியது. கண்ணுக்கும் கன்ன எலும்புக்கும் அது பொருந்தாது. எங்கள் குண்டு தோலைக் கிழிக்கவே இல்லை, கண்ணைச் சிதைத்தது. முகம், தலை, கழுத்து ஆகியவற்றுக்கு என்ன சோதனை நடந்தது என்ற பக்கம் அறிக்கையில் இருக்கிறதா என்று தேடுங்கள். எங்களுடையதில் இல்லை.

சிதறல். பத்துக் குண்டுகளை ஒரே இடத்தில் குறிவைத்துச் சுட்டால் எத்தனை சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழுகின்றன? கால்களைக் குறிவைத்துச் சுடு என்று கையேட்டில் எழுதிவிட்டு, குறி அரை மீட்டர் விலகும் குண்டைக் கையில் கொடுத்தால் அந்தக் கையேட்டால் பயனில்லை. எத்தனை குண்டுகளைச் சுட்டுப் பார்த்தார்கள், எத்தனை தவறினால் லாட்டை நிராகரிப்பார்கள் என்ற வரியையும் பாருங்கள்.

வெப்பமும் வயதும். வெயிலில் சூடான வெடிமருந்து வேகமாக எரிந்து குண்டை வேகமாகத் தள்ளும். பழைய ரப்பர் இறுகிப்போகும். ஆகவே எந்த வெப்பநிலையில் வைத்துச் சோதித்தார்கள் என்பதைப் பாருங்கள். குளிரூட்டிய அறையில் சோதித்த குண்டு, மே மாத வெயிலில் வண்டியின் தகரப் பெட்டிக்குள் நாளெல்லாம் கிடந்திருக்கலாம்.

பொதுவான ஆபத்தை நிறுவ ஒரே ஓர் ஆய்வை இணைப்பதாக இருந்தால், பி.எம்.ஜே. ஓப்பன் மருத்துவ இதழில் 2017இல் வந்த தொகுப்பாய்வை இணையுங்கள். இவ்வகைக் குண்டுகளால் காயமடைந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவான 1,984 பேரில் 53 பேர் இறந்தார்கள், 300 பேருக்கு நிரந்தர ஊனம் என்று அது கணக்குக் காட்டுகிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால், சான்றின் தலைப்பில் இருக்கும் லாட் எண்ணை உறையின் படத்தில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். நான் இதைக் கடைசியாகத்தான் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அக்கா மகனே கைப்பேசியை முகத்துக்கு அருகே பிடித்து, வலக்கண்ணால் ஒவ்வோர் எழுத்தாகப் படித்துச் சொன்னான். கடைசி இரண்டு இலக்கங்கள் வேறாக இருந்தன. எங்களுக்குத் தந்த சான்று அவன்மேல் சுடப்பட்ட குண்டின் லாட்டுக்கு உரியதே அல்ல. சரியான லாட் எண்ணைப் போட்டு, 'இல்லை எனில் இல்லை என்று எழுதித் தருக' என்ற வரியோடு ஆறாவது மனுவை மறுநாள் காலையில் அனுப்பினேன். இன்று 19ஆம் நாள்.